தொந்தரவு ஒண்ணும் இல்ல

ஜன்னல் சீட்டு உங்களுக்குத்தானே போட்டிருந்தாவ? பின்ன அத ஏன்ம்மா அவளுக்கு விட்டுக் குடுத்திய? தலை சுத்துதுன்னு சொன்னாளா? பொய்யி. அவளுக்குத் தலையும் சுத்தாது, ஒண்ணும் சுத்தாது. வாலிபர் சங்கத்துல கொடைக்கானல் போனப்ப பஸ்ல இருந்த அம்புட்டுப் பேரும் வாந்தி எடுத்தாவ, இவ ஒருத்தி முறுக்கு தின்னுக்கிட்டு வந்தா. எங்கூட உக்கார இஷ்டமில்ல, அதான் சங்கதி. உங்க மேல எனக்கு வருத்தமில்லம்மா. உங்களுக்கு என்ன தெரியும், கேட்டா, குடுத்திய.

அன்னா, முன்னால குனிஞ்சு உக்காந்திருக்கா பாருங்க, பச்சைச் சுடிதாரு. அவதான். எப்சிபா. ஒத்தைக்கு ஒரு பிள்ள. காலையில இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. பிஸ்கட்ட நீட்டுனேன், மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. இவ அப்பா மஸ்கட்ல இருக்காவ. வருவாவ, ஊருக்கெல்லாம் சென்ட் பாட்டில் குடுப்பாவ, போயிருவாவ. வளத்தது பூரா நான்தான். எங்களுக்கு நேசபுரம், சாத்தான்குளம் பக்கம். நீங்க திருநவேலிதானா? அப்பம் நம்ம ஆளுதான். சொல்லலாம். சொல்லலன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்மா.

பைப் ஆர்கன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? இந்தக் கல்யாண வீட்டுல வாசிக்க கீபோர்டு இல்ல. சுவரு உசரத்துக்குக் குழாய் குழாயா நிக்கும். காத்துப் போயி ஒவ்வொரு குழாயும் ஒவ்வொரு சத்தமாப் பேசும். மேல கைக்குக் கட்டை, கீழ காலுக்குக் கட்டை. ரெண்டு கையும் ரெண்டு காலும் ஒண்ணா ஓடணும். எங்க கோயில்ல ஒண்ணு இருக்கு. கோயில்னா சர்ச்சுதாம்மா, எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். மாடியில இருக்கும். வாசிக்கவ ஜனத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காரணும். கீழ என்ன நடக்குன்னு தெரியணும்லா, அதுக்கு ஒரு கண்ணாடி மாட்டியிருக்கும் தலைக்கு நேரா. அதுல பாத்து பாத்து வாசிக்கணும். காலு கட்டைக்கு எட்டுன வயசுல ஏறி உக்காந்த பிள்ள, இன்னைக்கு வரைக்கும் எங்க சபைக்கு ஆர்கன்னா இவதான்.

நானும் லேசுப்பட்டவ இல்ல பாத்துக்கிடுங்க. எங்க கோயில்ல முதல் பெஞ்சு எனக்குத்தான். பாட்ட எடுத்துக் குடுக்கது நான்தான். பாஸ்டர் ஐயரு மாறுவாவ, கமிட்டி மாறும், என் குரல் மாறாது. எங்க சபைக்கு ஒரு வழக்கம் உண்டும்மா. ஒவ்வொரு அடி முடிவுலயும் கடைசிச் சத்தத்த இழுத்துப் புடிச்சு நிப்போம். நான் மூச்சு வாங்கி அடுத்த அடிய எடுத்தாத்தான் ஆர்கன் நவுரணும். அதுவரைக்கும் நிக்கணும். இவ புதுசா வாசிக்க வந்தப்ப மடமடன்னு ஓடுவா, சின்னப் பிள்ளதான. நான் முதல் பெஞ்சுல இருந்து திரும்பி மாடிய ஒரு பார்வை பாப்பேன். கண்ணாடியில தெரிஞ்சிரும் அவளுக்கு. வீட்டுக்கு வந்ததும் புடிச்சிக்கிடுவேன். “ஏளா, சபைய அம்போன்னு விட்டுட்டு நீ மட்டும் பரலோகம் போறியா?”ன்னு கேப்பேன். அதுக்குப் பெறவு ஒரு நாளும் ஓடல. நான் மூச்சு விடாம அவ கால் நவுராது. ஊர்ல சொல்லுவாவ, தாயும் மகளும் ஒரே மூச்சுன்னு. அப்படி இருந்தவதாம்மா, இப்ப பாருங்க, திரும்பிக்கூடப் பாக்கல.

மெட்ராஸ்ல போட்டி வச்சிருந்தாவ. இளசுகளுக்கு. இந்தியா பூராவும் இருந்து வந்திருந்துச்சுவ. ஜெயிச்சா லண்டன் பக்கத்துல ஒரு பெரிய கோயில்ல கூப்பிட்டு வச்சு ரெண்டு வருஷம் படிப்புச் சொல்லிக் குடுப்பாவளாம், அங்கயே வாசிக்கலாமாம். இருபத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கணும். இவளுக்கு இதுதான் கடைசி. அடுத்த போட்டி வரும்போது வயசு தாண்டிரும். ராத்திரி பகல்னு பாக்காம வாசிச்சாம்மா. சாவிய வாங்கிட்டுப் போயி கோயிலப் பூட்டிக்கிட்டு வாசிப்பா. கால் விரலெல்லாம் காய்ச்சுப் போச்சு. எங்க கோயில்ல செருப்பு போடக்கூடாதுல்லா, வெறுங்காலோடதான் வாசிச்சுப் பழகுனது. மெட்ராஸ்ல வந்து பாத்தா, ஒவ்வொண்ணும் ஆர்கன் வாசிக்கதுக்குன்னே தனியா ஒரு ஷூ போட்டுக்கிட்டு நிக்கு. நான் பயந்துட்டேன். இவ பயப்படல. “வெறுங்கால்னா கட்டை எங்க இருக்குன்னு காலே சொல்லும்மா”ன்னா.

நான் ஜெபம் பண்ணினேன். ஜெயிக்கணும்னுதாம்மா ஜெபம் பண்ணினேன், போகக்கூடாதுன்னு ஒரு நாளும் கேக்கல. கர்த்தாவே, எம் பிள்ள ஜெயிக்கணும், ஆனா அவ்வளவு தூரம் இல்லாம, கொஞ்சம் பக்கத்துலயா ஏதாவது வழிகாட்டும்னு கேட்டேன். தப்பா? பெத்தவ வேற எப்படிக் கேப்பா?

தூத்துக்குடியில ஒரு இடம் வந்திருக்கு. பையன் ஹார்பர்ல வேலை. நல்ல குடும்பம், சபைக்குப் போற குடும்பம். இவகிட்ட சொன்னேன். “ஜெயிச்சா லண்டன், தோத்தா உங்க இஷ்டம்”னா. அந்தப் பேச்சோட பேச்சு. அதுக்கு மேல நான் வற்புறுத்தல.

இப்பம் கேளுங்க, அநியாயத்த.

பெரிய கோயிலு அது. ஜட்ஜு மூணு பேரு, நடுவுல ஒரு வெள்ளைக்கார அம்மா. போட்டிய நடத்துனது ஆல்வின்னு ஒரு தம்பி, நம்ம பக்கத்துப் பையன்தான், நாலுமாவடிக்காரன். அவன் எந்திரிச்சுத் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் சொன்னான். போன அமத்துங்க, கை தட்டாதீங்க, எந்திரிச்சு நடமாடாதீங்க, யாரும் சத்தம் குடுக்கக்கூடாதுன்னு. எனக்கு அதெல்லாம் சொல்லணுமாம்மா? முதல் பெஞ்சுல போயி கைய கட்டிக்கிட்டு உக்காந்தேன். கும்பகோணத்துப் பட்டு, சிவப்புக் கரை. அங்கயும் மேல கண்ணாடி மாட்டியிருந்தாவ, அவ அதுல பாத்தா அம்மா எங்க இருக்கான்னு டக்குன்னு தெரியணும்ல.

முதல் ரெண்டு பாட்டு எல்லாருக்கும் ஒண்ணுதான், புஸ்தகத்துல உள்ளது. வாசிச்சா பாருங்க! எங்க ஊர் ஆர்கன்ல பாதிக் குழாய் பேசாது. அதுலயே அப்படி வாசிக்கவ, இது புத்தம்புதுசா தேச்சு வச்ச ஆர்கன், விடுவாளா? பெஞ்சு அதிருது. எம் பக்கத்துல இருந்த மெட்ராஸ்கார அம்மா, “யாருங்க இந்தப் பொண்ணு?”ங்கா. “எம் மக”ன்னேன். மிசோரத்துல இருந்து ஒரு பையன் வந்திருந்தான், அவன் கூட வாயப் பொளந்துட்டு நிக்கான். அவன்தான் கடைசியில ஜெயிச்சது, அது வேற கதை.

மூணாவதுதான் கண்டம். ஒரு பாமாலைப் பாட்டு ராகத்த அங்கனயே குடுப்பாவ. முன்னாலயே சொல்ல மாட்டாவ. அந்த ராகத்த வச்சு சொந்தமா வாசிக்கணும். இவளுக்கு எது வந்துச்சு தெரியுமா? சாயங்கால ஆராதனை முடியுறப்ப நாங்க பாடுத பாட்டு! எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. ஆண்டவரே ஸ்தோத்திரம், எங்க பாட்டையே குடுத்துட்டீரேன்னு கண்ணீர் விட்டேன்.

தொடங்குனா. முதல் அடி நல்லா இருந்துச்சு. ரெண்டாவது அடியும் சரி. பெறவு என்னமோ பண்ணுதா. வலது கையில இருந்த ராகத்தக் கால்ல கொண்டு போனா. கை என்னமோ வேற வாசிக்கு. காலு அடியில மொணமொணங்கு. அப்புறம் காலையும் காணும். ராகம் எங்க போச்சுன்னே தெரியல. நான் தேடுதேன், தேடுதேன், காணும். கோயிலே மூச்ச அடக்கிக்கிட்டு இருக்கு. வெள்ளைக்கார அம்மா பேனாவக் கீழ வச்சிட்டு நிமிந்து பாக்கா. பிள்ள வழி தவறிட்டாளே, அத்தன பேரு முன்னால தனியா மாட்டிக்கிட்டாளேன்னு நெனச்சேன்.

நீங்க என்ன செஞ்சிருப்பிய? சும்மா இருப்பியளா? தண்ணியில பிள்ள முங்குதத பாத்துக்கிட்டுக் கைய கட்டிக்கிட்டு உக்காந்திருப்பியளா?

எந்திரிச்சேன். எடுத்துக் குடுத்தேன். முதல் அடில இருந்து, தெளிவா, எங்க கோயில்ல பாடுத மாதிரி. நான் எந்திரிச்சதும், பழக்கம்லா, பின்னால பாதிப்பேரு எந்திரிச்சிட்டாவ. அவங்களும் பாட ஆரம்பிச்சிட்டாவ. மெட்ராஸ்கார அம்மா கூட ரெண்டாங்குரல் போட்டா. எப்படி இருந்துச்சு தெரியுமா! மேல கண்ணாடியில பாத்தேன். எம் பிள்ள என்னையப் பாத்தா. பாத்துட்டாம்மா. அந்த மொணமொணப்பெல்லாம் அப்படியே நின்னுபோச்சு. ராகத்துக்கு வந்துட்டா. அடி முடிஞ்சதும் நான் இழுத்துப் புடிச்சேன், அவளும் நின்னா. நான் மூச்சு வாங்குனேன், அவ நவுந்தா. ஊர்ல வாசிக்க மாதிரியே கடைசி வரைக்கும் ஒரு அடி பிசகாம வாசிச்சா. நான் “ஆமென்”னு முடிக்க அவளும் முடிக்க, கணக்கா இருந்துச்சு.

காப்பாத்திட்டேன்னு நெனச்சேன்.

சாயங்காலம் முடிவு சொன்னாவ. மிசோரம் பையன் முதல். கேரளாப் பிள்ள ரெண்டாவது. இவளுக்கு ஒண்ணும் கெடையாது. ஒரு பேச்சுக்குக்கூடப் பேரச் சொல்லல. எனக்கு அப்பவே கோவம். ஆல்வின் தம்பியப் போயிப் புடிச்சேன். என்ன தம்பி அநியாயம் இது, ஊரு பேரு பாத்தா குடுக்கிய, ஷூவப் பாத்தா குடுக்கியன்னு கேட்டேன். அவன் என்னைய ஒரு மாதிரிப் பாத்தான். ஓரமாக் கூட்டிட்டுப் போயிச் சொன்னான். “ஆன்ட்டி, பாதி வரைக்கும் உங்க பொண்ணுதான் முதல். மூணாவது ஐட்டத்துல தாளம் ஒவ்வொரு வரி முடிவுலயும் நின்னு நின்னு போச்சு. சொந்தமா வாசிக்கதையும் விட்டுட்டா. ஆனா ஜட்ஜஸ் அவளக் கூப்பிட்டாங்க. வாசிக்கும்போது கீழ இருந்து தொந்தரவு இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு, மறுபடியும் வாசிக்கலாம், ரூல் இருக்குன்னாங்க. அவ தொந்தரவு ஒண்ணும் இல்லன்னுட்டா”ன்னு.

கேட்டியளா கூத்த? கூறுகெட்டவ! கையில கொண்டுவந்து குடுத்தத தட்டி விட்டுட்டு வந்திருக்கா! தொந்தரவு இல்லையாம்! எனக்குப் பின்னால ஒருத்தன் போனு ரெண்டு தடவ அடிச்சுச்சு, என் காதால கேட்டேன். ஒரு கைப்பிள்ள வேற சிணுங்கிக்கிட்டே இருந்துச்சு. அதச் சொல்லக்கூடாதா? யாரக் காப்பாத்துதா இவ? முன்னப் பின்னத் தெரியாத எவன் போனுக்காகவோ எம் பிள்ள தன் வாழ்க்கையக் குடுத்துட்டு வாராளேன்னு எனக்கு வயிறு எரியுது.

ஆட்டோவுல வரும்போது கேட்டேன். “ஏளா, ஏன் இல்லன்னு சொன்ன? யாருக்குப் பயந்த?” மறுபடியும் கேட்டேன். அழுதேன். வாயில வந்தபடி வஞ்சேன். அடிக்கக்கூடக் கைய ஓங்கிட்டேன், ஆண்டவர் மன்னிக்கட்டும். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுல இறங்குறப்பதான் வாயத் தெறந்தா. கோவமும் இல்ல, அழுகையும் இல்ல. “தூத்துக்குடிக்குச் சரின்னு சொல்லிருங்கம்மா”ன்னா. அம்புட்டுத்தான். பெறவு உங்ககிட்ட வந்து சீட்டு மாத்திக்கிட்டா.

சந்தோசப்படணும்லா நான்? ஒரு வருஷமா எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தனோ அந்த வார்த்தையச் சொல்லிட்டா. ஆனா எனக்குப் பயமா இருக்கும்மா. அவ சொன்ன விதம் அப்படி. கடையில போயி மிச்சம் கிச்சம் இருந்தா எதையாவது போட்டுக் குடுங்கன்னு சொல்லுதமாதிரி சொன்னா. அவ மூஞ்சியில ஒண்ணுமே இல்ல. எனக்கு அந்த மூஞ்சியப் பாக்க முடியல.

என்ன கேக்கிய?

பாடுனது... ஆமா, நான்தான். சொன்னேன்லா. நான் எடுத்துக் குடுத்தேன், பெறவு எல்லாரும்.

பாட்டு எப்படிம்மா தொந்தரவாகும்? கோயில்ல பாடுதது தொந்தரவா? நீங்க நம்ம ஆளா இருந்துக்கிட்டு இப்படிக் கேக்கிய! அவ தடுமாறிட்டு இருந்தா. ராகத்தத் தொலைச்சிட்டா. நான்தான...

இல்ல, தொலைக்கலையோ?

சொந்தமா வாசிக்கணும்னுதான் சொல்லியிருந்தாவ. ஆல்வினும் அதத்தான் சொன்னான், சொந்தமா வாசிக்கத விட்டுட்டான்னு. அப்பம் அந்த மொணமொணப்பு... அதுதானா அது? வேணும்னேவா காலுல கொண்டு போனா? அதக் கேட்டுத்தான் வெள்ளைக்கார அம்மா பேனாவக் கீழ வச்சாளா?

இயேசப்பா.

நின்னு நின்னு போச்சுன்னு சொன்னானே. எனக்காகத்தான நின்னா. நான் இழுக்கதுக்குத்தான நின்னா.

கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா. ... வேண்டாம், போனக் குடுங்க, பையில இருக்கு. இந்தா, ஆல்வின் நம்பரு இதுதான், போடுங்க. எனக்குக் கண்ணு தெரியல, எழுத்தெல்லாம் ஆடுது. நான் சொல்லிருதேன். அவ பொய் சொல்லிட்டா, தொந்தரவு பண்ணினது நான்தான்னு சொல்லிருதேன். இன்னும் ஜட்ஜு இருப்பாவ. பஸ்ஸ நிப்பாட்டச் சொல்லி இறங்கிக் கூட்டிட்டுப் போயிருதேன். நடந்தாவது போவேன். இனிமே அந்தக் கோயில் வாசல்லயே நின்னுக்கிடுதேன், உள்ளகூட வர மாட்டேன். பிள்ள ஒருக்க வாசிக்கட்டும்.

ஹலோ? ஆல்வின் தம்பியா? நான் எப்சிபா அம்மா. தம்பி, அவ சொன்னது பொய்யி. தொந்தரவு இருந்துச்சு. நான்தான். நான்தான் பாடுனேன், அவ மேல ஒரு குத்தமும் இல்ல தம்பி... என்ன? கேக்கல தம்பி... பஸ்ஸு சத்தம்... நீங்க கேளுங்கம்மா, எனக்குக் காதடச்சுப் போச்சு. கேட்டு எங்கிட்ட சொல்லுங்க.

என்ன சொல்லுதான்?

ஜட்ஜு எல்லாரும் ஏர்போர்ட்டுக்குக் கெளம்பியாச்சாமா? முடிவு முடிவுதானாமா. சரி. பெறவு? ... நான்தான்னு தெரியுமாமா? யாருக்கு? ஜட்ஜுக்குமா? ... எல்லாருக்குமேவா?

பின்ன ஏன் எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல?

அவ கேட்டுக்கிட்டாளா. அம்மாகிட்ட சொல்லிராதீங்கன்னு. ம். சொல்லுங்க. கேக்கேன், சொல்லுங்க. ... மூணு தடவ கேட்டாவளா அவகிட்ட? முதல் பெஞ்சுல சிவப்புக் கரைச் சேல கட்டின அம்மா பாடுனது தொந்தரவான்னு வெளிப்படையாவே கேட்டாவளா? அவ என்ன சொன்னாளாம்?

இன்னொருக்க சொல்லுங்க.

“அது எங்கம்மா. அம்மா பாடுனா நான் நிக்கணும்.”

போதும், வச்சிருங்கம்மா. தம்பிக்கு ஸ்தோத்திரம்னு சொல்லிட்டு வச்சிருங்க.

பெத்தவள விட்டுக் குடுக்கல பாத்தியளா. அத்தன பேரு முன்னால, வெள்ளைக்கார அம்மா மூணு தடவ கேட்டும் விட்டுக் குடுக்கல. நான் அப்படித்தான் வளத்தேன். ஊர்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாவ. வாய் தெறந்து வேண்டாம்னு சொல்லத் தெரியாத பிள்ளம்பாவ. எனக்கு எம்புட்டுப் பெருமை தெரியுமா அந்தப் பேச்சு. அய்யோ, அப்படியே வளத்து வச்சிட்டேனேம்மா. பாவி.

அழலம்மா நான். அழுதா அவளுக்குக் கேட்டுரும்.

நீங்க எனக்கு ஒரு உபகாரம் பண்ணுவியளா? அவ பக்கத்துல போயி உக்காந்து, மெதுவாச் சொல்லுங்க. தூத்துக்குடி வேண்டாம்னு சொல்லுளா, உனக்குப் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லுளான்னு நீங்களாச் சொல்லுதமாதிரி சொல்லுங்க. நான் சொல்லச் சொன்னேன்னு சொல்லிராதிய. நான் சொன்னா அதுக்கும் சரின்னுதான் சொல்லுவா.